"வைஃபை வரவில்லை, உதவுங்கள்" என்று கேட்டால் ஏன் பதில் வருவதில்லை?

கேள்வி: பழைய திங்க்பேட் எக்ஸ்250 லேப்டாப் ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ்கள் எல்லாம் சில வருடமாகப் பழக்கம். இதில் வைஃபை வரவே இல்லை. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளையை அடித்தால் இஎம்0, எல்ஓ0 (கணினி தனக்குள் பேசிக்கொள்வது) இரண்டுதான் தெரிகின்றன. ஃப்ரீபிஎஸ்டிகாரர்கள் கூடும் இடத்தில் "வைஃபை நாட் வொர்க்கிங், ப்ளீஸ் ஹெல்ப், அர்ஜென்ட்" என்று போட்டேன். ஒருவர் ஃப்ரீபிஎஸ்டியின் கையேட்டைக் காட்டி "ஹேண்ட்புக் படி" என்றார், அவ்வளவுதான். வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தச் சமூகமே இப்படித்தானா? ஆங்கிலமும் எனக்குச் சுமார்தான். எப்படிக் கேட்டால் உதவுவார்கள்?

பதில்: முதலில் வைஃபையைப் பார்த்துவிடுவோம். கேட்கும் விதம் அதிலேயே பாதி புரிந்துவிடும்.

உங்கள் வைஃபை அட்டைக்கு டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) இல்லை என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள் என நினைக்கிறேன். அநேகமாக அது தவறு. லினக்ஸில் டிரைவர் அட்டையைப் பிடித்துக்கொண்டால் உடனே இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு முனை) பட்டியலில் பெயர் வந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் பதிப்பு 11-இலிருந்து வயர்லெஸ் அட்டை இஃப்கான்ஃபிக் பட்டியலில் வராது. அந்த அட்டையின்மேல் டபிள்யூலேன்0 என்று ஓர் இன்டர்ஃபேஸை நீங்கள் உருவாக்க வேண்டும். அதுதான் பட்டியலில் தெரியும். லினக்ஸிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாக இடறும் இடம் இது.

அட்டை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க "சிஸ்சிடிஎல் நெட்.டபிள்யூலேன்.டிவைசஸ்" என்று கேளுங்கள். ஐடபிள்யூஎம்0 என்றோ ஐடபிள்யூஎல்வைஃபை0 என்றோ (இரண்டும் இன்டெல் அட்டைக்கான டிரைவர்கள்) பதில் வந்தால் டிரைவர் இருக்கிறது, அட்டையும் தயார். மிச்சம் இருப்பது, கணினி எழும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான ஆர்சி.கான்ஃப்பில் இரண்டு வரி: இந்த அட்டையின்மேல் டபிள்யூலேன்0-ஐ உருவாக்கு என்று ஒன்று, அதற்கு டபிள்யூபிஏ-வும் (கடவுச்சொல் பாதுகாப்பு) டிஹெச்சிபி-யும் (ஐபி முகவரியைத் தானாக வாங்குவது) வேண்டும் என்று ஒன்று. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் டபிள்யூபிஏ_சப்ளிகண்ட்.கான்ஃப் கோப்பில் போகும். எழுத்து பிசகாத வடிவம் ஹேண்ட்புக்கில் வயர்லெஸ் பகுதியில் இருக்கிறது. ஆக, "ஹேண்ட்புக் படி" என்றவர் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். எந்தப் பகுதி என்று சொல்லாமல் போனது அவர் சோம்பல்.

பதில் காலியாக வந்தால் அடுத்து "பிசிஐகான்ஃப் -எல்வி". கணினியில் இருக்கும் ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் நாலைந்து வரி கொட்டும். அதில் நெட்வொர்க் என்று வகை போட்ட பத்திகளைத் தேடுங்கள். ஒன்று கேபிள் செருகும் இஎம்0, மற்றது வைஃபை. வைஃபை பத்தியின் முதல் வரி எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். டிரைவரின் பெயரில் தொடங்கினால் டிரைவர் பிடித்திருக்கிறது. "நன்1@" என்பதுபோல் தொடங்கினால், அட்டை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எந்த டிரைவரும் அதை ஏற்கவில்லை என்று பொருள். அதே வரியில் வெண்டர், டிவைஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். வெண்டர் 8086 என்றால் இன்டெல் (பழைய 8086 சிப்பின் எண்ணேதான்), 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். மாடலைச் சொல்வது டிவைஸ் எண். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு வைஃபை அட்டை போட்டு விற்பது சகஜம், பழைய லேப்டாப் என்றால் யாராவது மாற்றியும் இருப்பார்கள்.

இந்த இரண்டு கட்டளைகளின் வெளியீட்டையும் நீங்கள் கேள்வியோடு ஒட்டியிருந்தால் விவரம் தெரிந்த யாரும் அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பார்கள். "வைஃபை வரவில்லை" என்று மட்டும் சொல்வது, மெக்கானிக்குக்குப் போன் போட்டு "வண்டி ஓடலை" என்று சொல்வதுபோல. அவர் காசு வாங்குகிற மெக்கானிக் என்றாலாவது பத்து கேள்வி திருப்பிக் கேட்பார். இங்கே பதில் சொல்கிறவர்கள் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் உட்காருகிறவர்கள். ஊகிக்க வேண்டிய கேள்வியைத் தாண்டிப் போய், கைவசம் பதில் இருக்கிற கேள்விக்குப் போய்விடுவார்கள். "அர்ஜென்ட்" என்ற சொல் அவர்களை இன்னும் வேகமாகத் தாண்டிப் போக வைக்கும்.

ஹேண்ட்புக்கை ஏன் இவ்வளவு காட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லினக்ஸ் பழக்கத்துக்கு இது திமிராகத் தோன்றும். லினக்ஸ் விநியோகங்களில் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) ஒரு கூட்டத்தின் வேலை, அடிப்படைக் கருவிகள் இன்னொரு கூட்டத்தின் வேலை, அதையெல்லாம் சேர்த்துக் கட்டுவது மூன்றாவது கூட்டம். அதனால் ஆவணம் ஒரு பக்கம், நிஜம் ஒரு பக்கம் என்றிருக்கும். யாரோ எழுதி வைத்த குறிப்பைத் தேடித்தான் காலம் ஓடும். 1993-இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னல், அடிப்படைக் கருவிகள், மேன் பக்கங்கள் (கணினியிலேயே இருக்கும் விளக்கக் குறிப்புகள்) எல்லாம் ஒரே மூலநிரல் மரத்தில், ஒரே திட்டத்தின் கையில் இருக்கின்றன. உங்கள் கணினியில் இருக்கும் மேன் பக்கம் உங்கள் பதிப்புக்கே எழுதியது. டிரைவர்களுக்குக்கூட நான்காம் பிரிவில் தனித்தனிப் பக்கம் உண்டு. "மேன் 4 ஐடபிள்யூஎம்" என்று போட்டால் அந்த டிரைவர் எந்தெந்த இன்டெல் அட்டைகளை ஏற்கும் என்ற பட்டியலே வரும். எக்ஸ்250-இல் பரவலாக வந்த 7265 அதில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, "பட்டியலில் என் அட்டை இருக்கிறது, ஆனாலும் இப்படி ஆகிறது" என்று கேட்டால் அவர்கள் உங்களை நடத்தும் விதமே மாறிவிடும்.

சரி, கேள்வியை எழுதும்போது தலைப்பிலேயே பதிப்பு, கணினி, அட்டை, நடக்கும் கோளாறு நாலும் வரட்டும். "ஃப்ரீபிஎஸ்டி 14.3, திங்க்பேட் எக்ஸ்250, இன்டெல் 7265: டபிள்யூலேன்0 உருவாகிறது, ஐபி முகவரி கிடைக்கவில்லை" என்பது நல்ல தலைப்பு. உள்ளே, என்ன செய்தீர்கள் என்பதை நீங்கள் அடித்த கட்டளைகளோடு, அடித்த வரிசையிலேயே எழுதுங்கள். "எல்லாம் ஹேண்ட்புக்கில் சொன்னபடி செய்தேன்" என்று எழுதாதீர்கள். அப்படிச் சொன்னவர்களின் ஆர்சி.கான்ஃப் கோப்பில்தான் பெரும்பாலும் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கும்.

பதிப்பைக் காட்ட "ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் -கேஆர்யு". மூன்று வரி வரும்: நிறுவியிருக்கும் கெர்னல், இப்போது ஓடும் கெர்னல், மற்ற கருவிகள். கடைசியில் வரும் பேட்ச் எண் மட்டும் ஒன்றிரண்டு வேறுபட்டால் கவலை இல்லை. ஒன்று 14.2, இன்னொன்று 14.3 என்று இருந்தால் அப்டேட்டைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்கும் முன் அதை முடியுங்கள். அதோடு பூட் ஆகும்போது ஓடிய செய்திகள் வார்/ரன் அடைவில் டிமெஸ்ஜ்.பூட் என்ற கோப்பில் அப்படியே கிடக்கும். அதையும் சேருங்கள்.

திரையைப் போனில் படமெடுத்துப் போடாதீர்கள். படத்திலிருந்து எழுத்தை நகலெடுத்துத் தேட முடியாது. நெட் இல்லாத கணினியிலிருந்து எழுத்தை எப்படி வெளியே கொண்டுவருவது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலான போன்கள் யுஇ0 என்ற இன்டர்ஃபேஸாக வந்து நிற்கும், அதன்மேல் ஐபி முகவரி வாங்கும் டிஹெச்கிளையண்ட் கட்டளையை ஓட்டினால் நெட் வந்துவிடும். வைஃபை சரியாகும்வரை மென்பொருள் பொதிகளை இறக்கவும் இதுவே போதும். ஒட்டுவதற்கு முன் ஒன்று: சப்ளிகண்ட் கோப்பை அப்படியே ஒட்டினால் உங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விடும். பொது இடத்தில் போட்டது நெடுங்காலம் அங்கேயே கிடக்கும்.

ஆங்கிலம் பற்றிய கவலையை விடுங்கள். பதில் சொல்கிறவர்களிலும் ஜெர்மன்காரர், ஜப்பான்காரர், பிரேசில்காரர் என்று நிறையப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. கட்டளையும் வெளியீடும் சரியாக இருந்தால் இடையில் நாலு உடைந்த வாக்கியம் இருந்தாலும் புரிந்துகொள்வார்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தாலும் தப்பில்லை, கட்டளைகளை மட்டும் அதன் கையில் கொடுக்காதீர்கள். ஏஐ சாட்பாட்டிடம் தீர்வு கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அவை லினக்ஸ் கட்டளையையும் பிஎஸ்டி கட்டளையையும் கலந்து கொடுக்கும். லினக்ஸில் பழகிய சிஸ்டம்சிடிஎல், ஏபிடி கட்டளைகள் இரண்டும் இங்கே கிடையாது. அது சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வந்தால், எதை மாற்றினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

எங்கே கேட்பது? உங்கள் நிலையில் ஃப்ரீபிஎஸ்டியின் அதிகாரப்பூர்வ மன்றம்தான் முதல் இடம். அங்கே இரண்டு விஷயம் கறார். கோஸ்ட்பிஎஸ்டி போன்று ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து கிளைத்தவற்றைப் பற்றிக் கேட்டால் அவரவர் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். ஆதரவு முடிந்த பதிப்பு என்றால் முதல் பதிலே "அப்டேட் செய்" என்றுதான் வரும். ஒரு புள்ளி வெளியீட்டுக்கு (14.2, 14.3 போன்றவை), அடுத்தது வந்து 3 மாதம் வரைதான் ஆதரவு. பழைய பென்டிரைவில் கிடந்ததை நிறுவியிருந்தால், பொதிகளை நிறுவும் பிகேஜி கருவியே "பொதி உன் பதிப்பைவிடப் புதிய ஃப்ரீபிஎஸ்டிக்கானது" என்று முரண்டு பிடிக்கும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணிக்க ஒரு வழியையும் அதுவே சொல்லும். அதைத் தொடாதீர்கள்.

கேள்விகளுக்கென்றே இருக்கும் "ஃப்ரீபிஎஸ்டி-கொஸ்டின்ஸ்" மின்னஞ்சல் குழு இன்னும் உயிரோடு இருக்கிறது. வெறும் எழுத்தில் அனுப்புங்கள், வண்ணம், அலங்காரம் வேண்டாம். "ஃப்ரீபிஎஸ்டி-வயர்லெஸ்" குழு டிரைவர் எழுதுகிறவர்கள் பேசும் இடம், இப்போதைக்கு அங்கே போக வேண்டாம். கோளாறுகளைப் பதியும் தளமான பக்ஸில்லா உதவி மையம் அல்ல. கோளாறு டிரைவரில்தான் என்று மன்றத்தில் உறுதியான பிறகு, அங்கே யாராவது போகச் சொன்னால் போங்கள்.

உடனடிப் பேச்சுக்கு லிபெரா சாட்டில் ஐஆர்சி (எழுத்து அரட்டை) அறை உண்டு. "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுக் காத்திருக்காதீர்கள். கேள்வியைப் போட்டுவிட்டு ஜன்னலை மூடாமல் உங்கள் வேலையைப் பாருங்கள்; பதில் இரண்டு மணி நேரம் கழித்தும் வரும். நம் நேரத்துக்கு இரவு 8, 9 மணி நல்ல நேரம். அப்போது ஐரோப்பா முழுக்க விழித்திருக்கும், அமெரிக்காவும் எழுந்துவிட்டிருக்கும்.

சமூகத்தின் குணம் பற்றிக் கேட்டீர்கள். முரடர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்ன விஷயத்துக்குச் சண்டை போடுவதும் உண்டு. ஸ்லீப் கட்டளைக்குப் பின்ன நொடிகளைச் சேர்க்கலாமா என்ற அற்ப விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து சொல்லப் போய், 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர் பூல்-ஹென்னிங் காம்ப் எழுதிய கடிதத்தால்தான் "பைக் ஷெட்" (அற்ப விஷயத்தில் நீளும் வாக்குவாதம்) என்ற சொல்லே மென்பொருள் உலகில் பரவியது. உங்கள் கேள்விக்கு அடியிலும் அப்படி ஒரு வாக்குவாதம் முளைக்கலாம். நீங்கள் அதில் இறங்காமல், உங்களிடம் கேட்ட தகவலை மட்டும் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

நேரில் யாரிடமாவது காட்ட முடியுமா என்றால், சென்னையின் ஐஎல்யூஜிசி, காஞ்சிபுரத்தின் காஞ்சிலக், விழுப்புரத்தின் விஜிஎல்யூஜி போன்ற குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் லினக்ஸ்காரர்கள், ஃப்ரீபிஎஸ்டி ஆட்கள் அங்கே கிடைப்பது அரிது. ஆனால் வெளியீட்டைப் படித்துப் பிரச்சினை எந்தப் பக்கம் என்று சொல்லவும், கேள்வியைத் தமிழில் பேசித் தெளிவாக்கி ஆங்கிலத்தில் எழுதித் தரவும் அவர்களால் முடியும்.

பதிலே வரவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அப்புறம் "யாரும் இல்லையா?" என்று எழுதாமல், புதிதாக ஒரு தகவலைச் சேருங்கள்: வேறு ரௌட்டரில் பார்த்தேன், போன் ஹாட்ஸ்பாட்டில் பார்த்தேன், அடுத்த பதிப்பைப் பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்து பார்த்தேன் என்று ஏதாவது. தீர்ந்துவிட்டால் எது தீர்த்தது என்று அதே இடத்தில் ஒரு வரி போட்டுத் தலைப்பில் "சால்வ்ட்" என்று குறியுங்கள். அடுத்த எக்ஸ்250காரர் தேடும்போது அதுதான் கிடைக்கும்.

எல்லாம் பார்த்தும் "நன்" என்றே நின்றால், அதாவது முன்னால் வைத்திருந்தவர் ஏதோ ஆதரவில்லாத அட்டையை மாட்டியிருந்தால், வைஃபைபாக்ஸ் என்று ஒரு வழி உண்டு: ஃப்ரீபிஎஸ்டிக்குள் சின்ன லினக்ஸ் ஒன்றை ஓட்டி அட்டையை அதன் கையில் கொடுப்பது. வேலை செய்யும், ஆனால் புதிதாக வந்தவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆதரவுள்ள யுஎஸ்பி வைஃபை ஒன்றை மேன் பக்கப் பட்டியலைப் பார்த்து வாங்குவது எளிது. உள்ளே இருக்கும் அட்டையையே மாற்ற நினைத்தால் ஒரு எச்சரிக்கை: எக்ஸ்250 காலத்துத் திங்க்பேட்கள் பலவற்றில் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும். உங்கள் மாடலுக்கு லெனோவோ தந்த பாக எண்ணைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.