‘யூ’ தொடரின் ஜோவுக்கு இருப்பது காதலா, பொறாமையா, மனநோயா?

(முதல் இரண்டு சீசன்களின் கதை கீழே உடையும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

‘யூ’ (You) என்ற அமெரிக்கத் தொடரின் நாயகன் ஜோ, புத்தகக் கடைக்காரன்; பிடித்துப்போன பெண்ணை வேவு பார்த்துத் துரத்துபவன், கொலைக்கும் தயங்காதவன். அவனுக்கு நோய்ப் பெயர் தேடுபவர்கள் வழக்கமாக இரண்டைச் சொல்வார்கள். எரோட்டோமேனியா: ‘அவளுக்கு என்மேல் காதல், வெளியேதான் சொல்லவில்லை’ என்ற அசைக்க முடியாத நம்பிக்கை. ஒதெல்லோ சிண்ட்ரோம்: துணை துரோகம் செய்கிறாள் என்ற பிரமை. 1955இல் டாட், டியூஹர்ஸ்ட் என்ற இருவர் வைத்த பெயர் அது. இரண்டு சட்டையுமே ஜோவுக்கு அளவு சேரவில்லை.

முதல் எபிசோடில், ஜோவின் நியூயார்க் புத்தகக் கடைக்கு வரும் பெக் என்ற பெண் பணம் கட்டக் கார்டை நீட்டும் காட்சியைப் பாருங்கள். கையில் பணம் இருந்தும் கார்டு தருகிறாள் என்றால், தன் பெயர் எனக்குத் தெரியட்டும் என்றுதானே? ஜோவின் கணக்கு இப்படிப் போகிறது. எரோட்டோமேனியா வாடை நன்றாகவே அடிக்கிறது. ஆனால் அந்தப் பிரமையில் இருப்பவருக்குக் காதல் ஏற்கெனவே கைகூடிவிட்ட விஷயம். ஜோவோ உழைக்கிறான். பெயரை வைத்து வலைத்தளங்களைத் துழாவுகிறான், வீட்டெதிரே நிற்கிறான், அவள் ஃபோனைச் சுட்டு மெசேஜ்களைப் படிக்கிறான், அவளுக்குப் பிடித்த ஆளாகத் தன்னையே திருத்திக்கொள்கிறான்.

பொறாமையும் இந்த வேவிலிருந்தே முளைக்கிறது. தான் காதலன் ஆவதற்கு முன்பே, பெக்குடன் பழகிவந்த பெஞ்சியைக் கடையின் அடித்தளக் கண்ணாடிக் கூண்டில் அடைத்துவிடுகிறான். அவள் மெசேஜ்களைப் படிக்கப் படிக்கச் சந்தேகத்துக்குத் தீனி கிடைக்கும். சந்தேகம் வந்தால் மறுபடி படிக்கத் தோன்றும்.

பெக்கின் தெரபிஸ்ட் டாக்டர் நிக்கி விஷயத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். பெக்குக்கும் அவருக்கும் உறவு இருந்தது உண்மைதானே, அப்புறம் ஜோவின் பொறாமை எப்படி நோயாகும் என்று கேட்பார்கள். மனநல மருத்துவத்தில், துணை நிஜமாகவே துரோகம் செய்திருந்தாலும் ஒருவரின் பொறாமை பிரமையாக இருக்கலாம். அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்பதே கேள்வி. தலையணை மடிப்பைப் பார்த்து ‘எவனோ வந்து போயிருக்கிறான்’ என்று உறுதியாகச் சொல்வது பிரமை. ஜோ அப்படிப்பட்ட ஆள் இல்லை; பொய்ப் பெயரில் அதே தெரபிஸ்டிடம் நோயாளியாகப் போய்த் தகவல் திரட்டுகிறான். அதனால் நான் இதை நோய்க் கணக்கில் எழுதமாட்டேன். தெரிந்தே செய்யும் வேட்டை இது.

பிறகு ஏன் அவன்மேல் இரக்கம் வருகிறது? அந்தப் பெண்ணை ‘நீ’ என்று விளித்து அவன் மனசுக்குள் பேசிக்கொண்டே போகும் வாய்ஸ் ஓவர் செய்யும் வேலை. ஜோவாக நடித்த பென் பேட்ஜ்லியே 2019 ஜனவரியில் ட்விட்டரில் ஜோவிடம் மயங்கிய ரசிகைகளிடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெக்கின் வீட்டெதிரே அவன் நிற்கும் ஜன்னல் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நடைபாதையில் நின்று ஒரு பெண்ணின் அறைக்குள் வெறிக்கிறவன் மட்டும்தான் மிஞ்சுவான்.

காதலா என்பதற்குப் பதில் இரண்டாம் சீசன் முடிவில் இருக்கிறது. அந்த சீசனில் அவன் துரத்தும் லவ் என்ற பெண் அவனை முழுசாகத் தெரிந்துகொண்டும் விரும்புகிறாள், அவனுக்காகக் கொலையும் செய்கிறாள். அவனுக்கு அருவருப்புதான் வருகிறது. புது வீட்டுக்குக் குடிபோன கையோடு, வேலி இடுக்கு வழியே பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து மறுபடி ‘நீ’ என்று தொடங்கிவிடுகிறான்.