காபியும் குவார்ட்டரும் ஒரே கணக்கா?

கேள்வி: ராத்திரி ஒரு குவார்ட்டர் போடுகிறேன் என்பதற்காக என் மனைவி என்னைக் குடிகாரன் என்கிறாள். அவளுக்கோ ஒரு வேளை காபி தவறினால் தலை வெடித்துவிடும். குவார்ட்டர் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, காலையில் கை லேசாக நடுங்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒரே பழக்கம்தானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: இல்லை. போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்களே, கை நடுக்கம், எனக்குக் கவலை தருவது அதுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் மனைவியின் காபியைப் பார்த்துவிடுவோம்.

அவருக்கு வருவது நிஜமான தலைவலிதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வந்து, களைப்பை உணர்த்துகிறது. அது ஒட்ட வேண்டிய இடத்தில் காபியிலுள்ள கஃபீன் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். களைப்பு அப்படியேதான் இருக்கும், நமக்குத் தெரியாது. தினமும் குடித்துப் பழகியவருக்குத் திடீரென்று காபி கிடைக்காவிட்டால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து தலை வலிக்கும், எரிச்சல் வரும். கடைசிக் காபி குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒன்பது நாளுக்குள் தானாகவே அடங்கிவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநலக் கோளாறுகளைப் பட்டியலிடும் தன் கையேட்டில் 2013ஆம் ஆண்டிலேயே இதைச் சேர்த்துவிட்டது. ஆகவே காபிக்கு மனிதர் பழகிப்போவதில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் வேண்டாம் என்று நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் சொன்னது. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 வரை இருக்கிறது. மூன்று டம்ளருக்கு மேல் போனால் அவரும் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் காபி குறைத்துவிடும்.

இப்போது உங்கள் குவார்ட்டர். 180 மில்லி, 42.8 சதவீதம் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை மிகை குடி என்று கணக்கெடுக்கிறது. மாதத்தில் ஒரு தடவை அப்படிக் குடித்தாலே அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். நீங்கள் தினமும் குடிக்கிறீர்கள்.

ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழு எட்டு கிராம்தான் எரிக்கும். அவசரப்படுத்த வழியே இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் குடித்து முடித்தால் அது முழுக்க இறங்க விடிந்துவிடும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். நடுத்தர உடம்புள்ளவர் ஒரு குவார்ட்டர் அடித்தால் அது நூறைத் தாண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு பைக்கை எடுக்கிறவர், தெளிந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே அந்த வரம்புக்கு மேல் இருக்கக்கூடும். ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்தால் தெளிந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. தூக்கக் கலக்கம் போகும், போதை போகாது.

தூக்கத்துக்காகக் குடிப்பதாகச் சொல்கிறீர்கள். மது உங்களைச் சீக்கிரம் படுக்கையில் சாய்க்கும். ஆனால் கனவு வரும் தூக்கத்தை அது அமுக்கிவிடும், இரவின் பின்பாதியில் அடிக்கடி எழுப்பிவிடும். மூன்று மணிக்கு வாய் வறண்டு விழித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பது இதனால்தான். குடிக்காத இரவில் தூக்கம் வராததும் அந்த மதுவின் வேலையே.

கை நடுக்கத்துக்கு வருவோம். மூளையில் இரண்டு ரசாயனங்கள்: அதை அடக்கி வைக்கும் வேலைக்குக் காபா, தட்டி எழுப்பும் வேலைக்குக் குளூட்டமேட். மது முதலாவதற்குப் பலம் கூட்டி, இரண்டாவதை ஒடுக்குகிறது. தினமும் இது நடந்தால், ஈடுகொடுப்பதற்காக மூளை தன் முடுக்கத்தை ஏற்றி வைத்துக்கொள்ளும். மது இறங்கும் நேரத்தில் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். காலையில் டம்ளரைப் பிடிக்கும்போது காபி தளும்புகிறதே, அது அதுதான். ஒரு கட்டிங் போட்டால் நின்றுவிடும் என்று கூட்டாளிகள் சொல்வார்கள். நிற்கும். கட்டிங் போட்டு நிற்கிற நடுக்கம் என்றால் உடம்பு மதுவைச் சார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஜுரம், வியர்வை, ஆள் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தோன்றுவது எல்லாம் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். காபியை நிறுத்தினால் இப்படி நடக்காது.

புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதுவை 1988இலேயே சேர்த்தது. காபியின் மேல் 1991இல் சந்தேகப்பட்டு, 2016இல் அதை விலக்கிக்கொண்டது.

இன்னொன்று. காபி குடித்துவிட்டு வரும் அப்பாவைப் பார்த்து எந்தப் பிள்ளையும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில்லை. உங்கள் வீட்டில் அப்படி என்று சொல்லவில்லை. உங்கள் மனைவி எதைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார் என்று, குடிக்காத ஒரு பகல் நேரத்தில் அவரிடமே கேளுங்கள்.

வீராப்பாக இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். திருச்சி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் சில நாளுக்கு நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். போவதற்கு முன் விவரம் கேட்க போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண் இருக்கிறது. எத்தனை வருஷமாக, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்ற நான்கையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துவிடும்.