ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் மேனுவல் கியரா, ஆட்டோமேட்டிக்கா?

வேகத்தை மட்டும் பார்த்தால் இந்த வழக்கில் எப்போதோ தீர்ப்பு வந்துவிட்டது. 2021இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரில் 510 குதிரைத்திறன் கொண்ட ஒரே என்ஜினுக்கு இரண்டு வகை கியர்பாக்ஸ். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட ஆட்டோமேட்டிக்குக்கு 3.4 விநாடி போதும், மேனுவலுக்கு 3.9 தேவை. எவ்வளவு கைதேர்ந்தவர் ஓட்டினாலும் அந்த அரை விநாடியை மீட்பது கடினம்.

காரணம் அந்த ஆட்டோமேட்டிக்கில் உள்ள இரட்டைக் கிளட்ச் (என்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைத்துப் பிரிக்கும் பாகம் கிளட்ச்). ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. மூன்றாவதில் ஓடும்போதே நான்காவது பூட்டித் தயாராக இருக்கும். ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்வதால் சக்கரத்துக்குப் போகும் விசை அறுபடுவதில்லை. ‘ஆட்டோமேட்டிக் என்றால் மந்தம்’ என்று இன்னும் சொல்பவர்கள் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

அப்படியும் மேனுவல் சாகவில்லை. 2013இல் ஜிடி3ஐ ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே விற்ற அதே போர்ஷே, 2016இல் மேனுவலில் மட்டும் 911 ஆர் என்று 991 கார்களைச் செய்தது. அவை கைமாறிய விலையைக் கேட்டால் தலைசுற்றும். அடுத்த ஆண்டே ஜிடி3யில் மேனுவல் திரும்பிவிட்டது. 2019இல் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் வந்த டொயோட்டா சுப்ராவுக்கும் பிற்பாடு மேனுவல் கொடுக்க வேண்டியதாயிற்று. காசு கொடுப்பவர்கள் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து வாங்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

நானும் மேனுவல் கட்சிதான். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடியே குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி என்ஜின் சுழற்சியைக் கூட்டி, கியரைக் குறைத்து, கிளட்சை விடும்போது கார் குலுங்காமல் போனால் அன்று முழுக்க மனம் நிறைந்திருக்கும். (இப்படி ஆக்ஸிலரேட்டரைத் தட்டுவதையும் கணினியிடம் விட்டுவிடும் மேனுவல் கார்கள் உண்டு. நிஸான் 370இசட்தான் அதற்கு முன்னோடி. எனக்கு அது பிடிப்பதில்லை.)

ஆனால் எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். போர்ஷே கேமன் ஜிடி4 மேனுவலில் இரண்டாவது கியரிலேயே 130 கி.மீ.யைத் தாண்டலாம். பொதுச் சாலையில் அதற்கு மேல் கியர் மாற்ற எங்கே வாய்ப்பு? லிவரைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாறாக, மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன்னை ஒட்டிய எடையும் மிதமான சக்தியும் கொண்டது. அதில் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே கைக்கும் காலுக்கும் ஓயாத வேலை. மேனுவலுக்கென்றே பிறந்த கார் அது.

ஆகவே எம்எக்ஸ்-5 போன்ற சிறிய, எடை குறைந்த கார் என்றால் தயங்காமல் மேனுவல் எடுங்கள். ஐந்நூறு குதிரைத்திறன் கார், அதையும் தினமும் நகர நெரிசலில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஆட்டோமேட்டிக்கே போதும். இடது முழங்கால் தப்பிக்கும்.