லேத்தை விமானத்தில் ஏற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நிரந்தரமாகத் தாய்நாடு திரும்பவிருக்கிறேன். மேசைமேல் வைத்து ஓட்டும் சிறிய லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) ஒன்றும், டேபிள் சா எனப்படும் ரம்ப மேசை ஒன்றும் என்னிடம் உள்ளன. லேத் ஏறத்தாழ 60 கிலோ; கால்களோடு கூடிய ரம்ப மேசை 40 கிலோ. விமானச் சரக்கு முகவரோ, எடை குறைந்த ரம்ப மேசைக்கு லேத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு கட்டணம் கேட்கிறார். இது நியாயமா? இரண்டையும் என் பெட்டிகளோடு லக்கேஜாகவே போட்டுவிட முடியாதா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியின் எடை 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதை லக்கேஜாக ஏற்பதில்லை. கூடுதல் பணம் கட்டுகிறேன் என்றாலும் பயனில்லை. பெட்டிகளைக் கையால் தூக்கி ஏற்றும் ஊழியர்களின் முதுகை நினைத்து வகுத்த வரம்பு இது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் பல நிறுவனங்களில் உண்டு. அந்த அளவை மீறினால் தனிக் கட்டணம் வாங்குவார்கள். ஆகவே உங்கள் இரு இயந்திரங்களும் முழு உருவில் லக்கேஜாகப் போகா.

சரக்குக் கட்டணத்தில் முகவர் உங்களை ஏமாற்றவில்லை. விமானத்தின் வயிற்றில் எடைக்கு எவ்வளவு தட்டுப்பாடோ, இடத்துக்கும் அவ்வளவு தட்டுப்பாடு. அதனால் பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் செ.மீ.யில் பெருக்கி 6000ஆல் வகுக்கிறார்கள். அப்படிக் கிடைப்பது கன எடை. உண்மை எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் ரம்ப மேசையைக் கால்களோடு அப்படியே 100 × 80 × 90 செ.மீ. பெட்டியில் வைத்தால் கன எடை 120 கிலோ. அதாவது 40 கிலோ இரும்போடு, கால்களுக்கு நடுவே உள்ள காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். கூரியர் நிறுவனங்கள் பல 5000ஆல் வகுப்பதால் அங்கே இதே பெட்டி 144 கிலோவாகிவிடும். லேத்தின் கதை வேறு. 100 × 50 × 50 செ.மீ. மரப்பெட்டியில் அதன் கன எடை 42 கிலோதான். பெட்டியோடு சேர்ந்த உண்மை எடை 70 கிலோ என்றால் அந்த 70 கிலோவுக்கே கட்டணம்.

இதிலிருந்து செய்ய வேண்டியது தெளிவாகிறது. ரம்ப மேசையின் கால்களைக் கழற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் வேலிப்பட்டையையும் (பலகையை நேராக வழிநடத்தும் பட்டை) கைப்பிடிச் சக்கரத்தையும் எடுத்து, 80 × 75 × 45 செ.மீ. பெட்டிக்குள் அடக்கினால் கன எடை 45 கிலோவாக இறங்கிவிடும். அளவெடுப்பவர் பெட்டியின் புற எல்லையைத்தான் அளப்பார் என்பதை மறக்க வேண்டாம். ஒரு மூலையில் மட்டும் 10 செ.மீ. துருத்திக்கொண்டிருந்தாலும் பெட்டி முழுதும் 10 செ.மீ. வளர்ந்ததாகவே கணக்கு.

லேத்தை அந்த அளவுக்குப் பிரிக்காதீர்கள். சக் (கடையும் பொருளைப் பிடிக்கும் பகுதி), டெயில்ஸ்டாக் (பொருளின் மறுமுனையைத் தாங்குவது), டூல் போஸ்ட் (வெட்டும் உளியைப் பிடிப்பது), மோட்டார் ஆகியவற்றைக் கழற்றலாம். ஆனால் பொருளைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை, ‘பெட்’ எனப்படும் நீண்ட அடித்தளத்திலிருந்து கழற்றினால், தொழிற்சாலையில் நேர்படுத்திய மைய அச்சு கலைந்துபோகும். சில கிலோவை மிச்சம் பிடிக்கப்போய், கூம்பாகக் கடையும் லேத்தோடு வீடு போய்ச் சேருவீர்கள்.

என்னைக் கேட்டால், அவசரம் இல்லாதபோது லேத்தை விமானத்தில் அனுப்புவதே வீண் செலவு. விமானக் கணக்கில் ஒரு கன மீட்டர் என்பது 167 கிலோ. கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோ வரை எடையைப் பார்க்கமாட்டார்கள். பிரித்த ரம்ப மேசையும் லேத்தும் சேர்ந்து அரைக் கன மீட்டரைச் சற்றே தாண்டுகின்றன. வார்ப்பிரும்புச் சாமான்கள் கப்பலில் வரட்டும். சக், காலெட் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் சிறு குழல்), அளவெடுக்கும் மைக்ரோமீட்டர், டயல் கேஜ் போன்று சிறியனவும் விலை உயர்ந்தனவும் உங்களோடு லக்கேஜில் வரட்டும்.

கேள்வி: கைக்கருவிகள் சிலவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைக்காதீர்கள். 6 செ.மீ.க்கு மேல் நீளமான அலகோ தண்டோ உள்ள கருவிகளைப் பல நாடுகளில் கேபினுக்குள் விடுவதில்லை. துளையிடும் இயந்திரமும் அதன் பிட்டும், ரம்பமும், ஆணியடிக்கும் துப்பாக்கியும் அளவு எதுவானாலும் வெளியே எடுக்கப்படும். வெர்னியர் காலிப்பரின் கூர்முனைகூடச் சோதனையாளரின் மனத்தைப் பொறுத்தது. எல்லாவற்றையும் பதிவு செய்யும் பெட்டியில் போடுங்கள். பேட்டரி மட்டும் விதிவிலக்கு. அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: கம்பியில்லா டிரில், அதற்கு நான்கு உபரி பேட்டரிகள், சிறிய ஏர் கம்ப்ரசர், பெட்ரோல் எஞ்சின் பூட்டிய ஜெனரேட்டர், கிரைண்டிங் மெஷினில் வைக்கும் காந்தச் சக் ஆகியவற்றைக் கொண்டுவர விரும்புகிறேன். எதில் சிக்கல் வரும்?

பதில்: கம்ப்ரசரைத் தவிர எல்லாவற்றிலும் வரும். கம்ப்ரசரின் தொட்டியில் காற்றை முழுவதும் திறந்துவிட்டு, அடியில் தேங்கிய நீரை வடித்து, எண்ணெய் உள்ள வகையானால் எண்ணெயையும் இறக்கிவிட்டால் அது வெறும் இரும்புப் பாத்திரம்தான். வால்வைத் திறந்த நிலையிலேயே வைத்து, தொட்டி காலி என்று பெட்டியின்மேல் எழுதி ஒட்டுங்கள். வெல்டிங்குக்கான வாயு உருளை என்றால் காலியானதைக்கூட எடுத்துச் செல்ல முயல வேண்டாம்.

லித்தியம் பேட்டரியில் கணக்குப் போட வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி. 100க்குள் இருப்பதால் அனுமதி கேட்கத் தேவையில்லை. அதே 18 வோல்ட்டில் 8 ஆம்பியர்-மணி என்றால் 144. 100க்கும் 160க்கும் இடைப்பட்ட இத்தகைய உபரி பேட்டரிகளில் ஒருவர் இரண்டு மட்டும், அதுவும் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, கொண்டுவரலாம். 12 ஆம்பியர்-மணி பேட்டரி 216 வாட்-மணி. பயணியோடு அது விமானம் ஏறாது. கருவியில் பூட்டாத உபரி பேட்டரி எதுவானாலும் கேபினில்தான் வர வேண்டும், பதிவு செய்யும் பெட்டியில் வைக்கக் கூடாது. அதன் உலோக முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள். பேட்டரிகளைத் தனியே சரக்காக அனுப்பிவிடலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. லித்தியம் அயனி பேட்டரியை மட்டும் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

பெட்ரோல் எஞ்சினை விட்டுவிடுங்கள். தொட்டியை வடித்தாலும் கார்புரேட்டரிலும் குழாயிலும் ஆவி தங்கிவிடும். ஒருமுறை எரிபொருள் ஊற்றிய எஞ்சினை லக்கேஜாக ஏற்கப் பல நிறுவனங்கள் மறுத்துவிடுகின்றன. சரக்காக அனுப்புவதானால் அபாயப் பொருளுக்குரிய அறிவிப்பும் பொதியலும் வேண்டும். அந்தச் செலவே எஞ்சின் விலையை நெருங்கலாம். தின்னர், பசை, அழுத்த வாயுவில் பீய்ச்சும் துருநீக்கி டப்பா ஆகியவற்றுக்கும் கருவிப்பெட்டியில் இடமில்லை. பழைய கருவிப்பெட்டியின் அடித்தட்டில் மறந்துபோன ஒரு டப்பா பெட்டி முழுவதையும் நிறுத்திவைக்கப் போதும்.

காந்தச் சக்கைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தொலைவில் திசைகாட்டி முள் 2 பாகைக்கு மேல் விலகினால் அது அபாயப் பொருள் விதிகளின்கீழ் வரும், 4.6 மீட்டரிலும் அப்படி விலகினால் விமானத்தில் ஏற்றவே முடியாது. நெம்புகோலால் அணைக்கும் வகையானால் அணைத்துவிட்டு, மேற்பரப்பின்மீது தடித்த இரும்புத் தகடு ஒன்றை வைத்துக் கட்டுங்கள். காந்த விசை பெரும்பாலும் அந்தத் தகட்டுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும்.

கேள்வி: இயந்திரத்தை எப்படிப் பொதிய வேண்டும்? பட்டறையில் கிடக்கும் பலகைகளைக் கொண்டே பெட்டி செய்துகொள்ளலாமா?

பதில்: கிடக்கும் பலகை வேண்டாம். மரத்தோடு பூச்சிகள் நாடு கடப்பதைத் தடுக்க ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி உள்ளது. பொதிமரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடமாவது சூடாக்கப்பட்டு, அல்லது விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தப்பட்டு, அதற்கான கோதுமைக் கதிர் முத்திரை பதிந்திருக்க வேண்டும். முத்திரையில்லாத மரப்பெட்டியை இறங்குமிடத்தில் எரிக்கவோ திருப்பி அனுப்பவோ அதிகாரம் உண்டு. ஒட்டுப்பலகைக்கும், 6 மி.மீ.க்கு மேற்படாத மெல்லிய மரத்துக்கும் இந்த விதி பொருந்தாது. எனவே பக்கங்களுக்கு ஒட்டுப்பலகையும், அடிச்சட்டத்துக்கு மட்டும் முத்திரையுள்ள மரமும் வாங்கினால் செலவு அடங்கும்.

இயந்திரத்தின் பாதத் துளைகள் வழியாக அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். கயிற்றையும் நுரைப்பஞ்சையும் நம்ப வேண்டாம். லேத்தின் எடை ஹெட்ஸ்டாக் பக்கமே கூடுதலாக இருக்கும் என்பதால், சாடிலை (உளியோடு பெட்டின்மேல் நகரும் பகுதி) டெயில்ஸ்டாக் முனைவரை ஓட்டி அங்கே பூட்டிவிட வேண்டும். கீல் தட்டில் தொங்கும் மோட்டாரைக் கழற்றிவிடுவதே நல்லது. கழற்றுமுன் ஒயர் இணைப்புகளைப் படம் எடுத்து, ஒவ்வொரு ஒயருக்கும் அடையாளச் சீட்டு கட்டுங்கள். அந்தந்தப் பகுதியின் திருகுகளை அந்தந்தத் துளையிலேயே திரும்பப் பூட்டிவைத்தால், வீட்டில் ஒரு டப்பா நிறையத் திருகுகளோடு உட்கார்ந்து விழிக்க வேண்டியிருக்காது.

துரு பயணத்தின்போதே தொடங்கிவிடும். குளிர்ந்த இரும்பு, ஈரப்பதமான காற்றுள்ள நிலையத்தில் இறங்கியதும் அதன்மீது நீர் முத்துமுத்தாகப் படியும். உலோகச் சுருள்களையும் கூலன்ட் படிவையும் துடைத்தெடுத்து, பெட், ஸ்பின்டில் (சுழல் தண்டு), லீட் ஸ்குரூ (சாடிலை நகர்த்தும் நீண்ட திருகு) ஆகியவற்றில் கெட்டியான எண்ணெய் தடவி, துருத்தடுப்புத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிளாஸ்டிக் உறையில் மூடுங்கள். வந்து சேர்ந்ததும் உறையை உடனே கிழிக்காமல், இரும்பு அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

பெட்டியின் மூடிக்கு ஆணி அடிக்காமல் திருகு போடுங்கள். கனத்த வார்ப்பிரும்பை எக்ஸ்ரே முழுமையாக ஊடுருவாது; திரையில் கரிய பிழம்பாகத் தெரிந்தால் பாதுகாப்புச் சோதனையாளர்கள் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள். திருகு போட்ட மூடி பழையபடி மூடப்படும். ஆணி அடித்ததைக் கடப்பாரையால் பெயர்ப்பார்கள். ஒரே பொதி 150 கிலோவை எட்டினால் கனரகச் சரக்காகக் கருதப்படும் என்பதால், முகவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: வழியில் உடைந்தால் விமான நிறுவனம் முழு விலையையும் தருமா?

பதில்: தராது. 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், 2024 டிசம்பர் இறுதியிலிருந்து சரக்குக்கு ஒரு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., லக்கேஜுக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்பதே உச்ச வரம்பு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. சரக்கில் அனுப்பிய 5 கிலோ எடையுள்ள துல்லியக் கருவி தொலைந்தால், அதன் விலை எவ்வளவானாலும் 130 எஸ்.டி.ஆரோடு கணக்கு முடிந்துவிடும். அனுப்பும்போதே மதிப்பைத் தனியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் வரம்பு உயரும். அல்லது தனிக் காப்பீடு எடுக்கலாம். பொதியல் சரியில்லாததால் உடைந்தது என்று நிறுவனம் நிறுவிவிட்டால் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும். ஆகவே பொதியும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துவையுங்கள். சேதத்தைக் கண்டால் பெறுகைச் சீட்டிலேயே குறித்துக் கையெழுத்திடுங்கள். எழுத்துப்பூர்வப் புகாருக்கு லக்கேஜானால் 7 நாள், சரக்கானால் 14 நாள் கெடு.

கேள்வி: பயன்படுத்திய கருவிகளுக்குச் சுங்கவரி உண்டா?

பதில்: நிரந்தரமாகக் குடிபெயர்வோரின் தொழிற்கருவிகளுக்குப் பல நாடுகள் சலுகை தருகின்றன, நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு வேறு என்பதால் பயணச்சீட்டு எடுக்குமுன் சுங்கத்துறையிடமே கேட்டுவிடுங்கள். பட்டியலில் “இயந்திரப் பாகங்கள்” என்று மொட்டையாக எழுதாமல், பெயர், தயாரிப்பு எண், வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு எல்லாம் குறியுங்கள். ஒரு பகுதி பின்னால் கப்பலில் வருவதானால், நீங்கள் வந்திறங்கும் நாளிலேயே அதையும் அறிவித்துவிட வேண்டும்.

கேள்வி: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடிய இயந்திரங்களை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் அல்லவா?

பதில்: கார்பன் பிரஷ் உள்ள கை டிரில், ஆங்கிள் கிரைண்டர் போன்றவற்றை ஓட்டலாம், வோல்ட் சரியாக இருந்தால் அவற்றுக்கு ஹெர்ட்ஸ் பெரிய பொருட்டில்லை. லேத்திலும் பில்லர் டிரில்லிலும் பெரும்பாலும் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் அப்படியன்று. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 4 துருவ மோட்டாரின் சுழற்சிக் கணக்கு நிமிடத்துக்கு 1800லிருந்து 1500 ஆகக் குறையும். வேகம் குறைவதை வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் மோட்டாரின் இரும்பு உள்ளகம் காந்தச் செறிவு மிகுந்து சூடாவதைப் பொறுக்க முடியாது. நாள் முழுதும் ஓட்டினால் வைண்டிங் கருகும். மாறாக, 50 ஹெர்ட்ஸிலிருந்து 60க்குப் போகிறவர்களுக்கு வேறு ஆபத்து: பெஞ்ச் கிரைண்டரின் கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும். கல்லின்மேல் அச்சிட்ட உச்ச வேகத்தைப் பார்க்காமல் ஸ்விட்சைத் தொடக் கூடாது.

மும்முனை மோட்டார் என்றால், அதற்கேற்ற வி.எஃப்.டி. (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் கருவி) வாங்கி வீட்டு ஒருமுனை மின்சாரத்திலேயே ஓட்டலாம். ஒருமுனை இண்டக்‌ஷன் மோட்டாரானால் அதைச் சுமந்து வருவதில் பொருளில்லை. அச்சுத் தண்டின் விட்டம், சாவிக்காடியின் (புல்லியைத் தண்டோடு பூட்டும் பள்ளம்) அகலம், பாதத் துளைகளின் இடைவெளி, தண்டின் மைய உயரம் ஆகிய நான்கையும் அளந்து குறித்துக்கொண்டு, புல்லியை மட்டும் கழற்றி எடுத்துவாருங்கள். அந்த அளவுகளுக்குப் பொருந்தும் மோட்டாரை வீட்டுப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். பெட்டியின் எடையும் அந்த அளவுக்குக் குறையும்.