நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தமா?

கேள்வி: வீட்டில் சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. எட்டு வயது மகன் நீந்திவிட்டு வந்தாலே கண் சிவந்து எரிகிறது, இருமலும் வருகிறது. குளோரின் நெடி அடித்ததால் குளோரின் போடுவதைப் பாதியாகக் குறைத்தேன். நெடி கூடிவிட்டது! என்ன செய்யலாம்?

மருத்துவர் பதில்: குறைத்ததுதான் வினையாகியிருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அந்த நெடி குளோரினுடையது அல்ல. வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு ஆகியவற்றோடு குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமின்களுடையது. கண்ணை எரிப்பதும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே காற்றில் தங்கித் தொண்டையை அரிப்பதும் அவைதான். போதிய குளோரின் இல்லாவிட்டால் அவை சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும்.

உங்களிடம் இருக்கும் சோதனை கிட் மஞ்சள் நிறம் காட்டுகிறதா? அது மொத்தக் குளோரினை மட்டும்தான் சொல்லும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் வாங்குங்கள். கிருமியைக் கொல்லும் ஃப்ரீ குளோரின் எவ்வளவு என்று அதில் தனியாகத் தெரியும். குறைந்தது 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம், இருக்க வேண்டும். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலம் கலந்த குளோரின் என்றால் 2. மொத்தத்துக்கும் ஃப்ரீ குளோரினுக்கும் உள்ள வித்தியாசம் 0.4-ஐத் தாண்டினால் ஷாக் டோஸ், அதாவது ஒரே தடவையில் அதிகக் குளோரின் போடுவது, தேவை. ஃப்ரீ குளோரின் அளவு 4 பிபிஎம்முக்குக் கீழே இறங்கும்வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது.

அதற்கு முன் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, பாருங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான். 7.2-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளோரின் வேலை செய்யும். 8-க்குப் போனால் கால் பங்குதான். கண்ணீரின் பிஎச் சுமார் 7.4 என்பதால் 7.2 முதல் 7.6 வரை கண்ணுக்கும் இதம். சரிசெய்த பிறகும் பிஎச் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம்முக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பிஎச் குறைக்கும் ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில், ஏன், ஒரே அளவுக் குவளையில்கூடப் புழங்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டு வகைக் குளோரினைக் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

சரி, பையனுக்கு வருவோம். தண்ணீர் சரியாகும்வரை அவனை இறக்காதீர்கள். கண்ணைச் சுத்தமான தண்ணீரால் கழுவினால் போதும், சிவப்பு போக்கும் சொட்டு மருந்து வேண்டாம். மறுநாளும் வலி இருந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இருமலோடு இழுப்பு, நெஞ்சு இறுக்கம், இரவில் தூக்கம் கெடுவது ஏதாவது உண்டென்றால் ஆஸ்துமா இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும். மூச்சுவிடவே திணறினால் அன்றே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், இனி இறங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் ஷவரில் நிற்கட்டும். பையனை ஒருமுறை கழிப்பறைக்கும் அனுப்பிவிடுங்கள்.