வாய்க்குள்ள அடைகாக்கிற மீன்

கேள்வி: அண்ணை, என்ர மலாவி சிக்லிட் (ஆபிரிக்காவின்ர மலாவி ஏரித் தொட்டிமீன்) தாய் ரெண்டு தரமும் முட்டைய விழுங்கிப்போட்டுது, சோடாப் போத்தல்ல குஞ்சு பொரிக்க வைக்கலாமோ?
- கிளிநொச்சி வாசகர்

பதில்: வைக்கலாம் தம்பி. இளந்தாய் அப்பிடித்தான் விழுங்கும், மனம் விடாதேங்கோ. எங்கட குளத்துத் திலாப்பியாவும் வாய்க்குள்ளதான் முட்டைய உருட்டி உருட்டி வச்சிருக்கும், அந்த உருட்டலைத்தான் போத்தலும் செய்யவேணும். அடிய வெட்டி, வாயில நெற் கட்டி, தலைகீழா தொட்டிக்குள்ள நிப்பாட்டி, சின்னப் பம்பால கீழயிருந்து தண்ணிய மெதுவா விடுங்கோ, முட்டை சோம்பலா உருளவேணும், துள்ளினா உடைஞ்சுபோகும். வெள்ளையாப் போன முட்டைய உடனயே எடுங்கோ, பூஞ்சணம் மற்றதுக்கும் தொத்தும். 27 பாகையில அஞ்சு நாள் மட்டில வால் துடிக்கும், மஞ்சள் கரு வத்தி நீந்த மூண்டு கிழமை செல்லும். கரண்ட் நிண்டா பற்றறிப் பம்ப் கட்டாயம்.