பேஸ் ஜம்பிங் பழகத் தொடங்குபவர் பயன்படுத்திய பாராசூட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் விலையை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலைமுகடு போன்ற நிலையான இடங்களிலிருந்து பாராசூட்டுடன் குதிப்பதே பேஸ் ஜம்பிங். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பலரும் பழகும் பெரின் பாலம் ஆற்றிலிருந்து 486 அடி உயரம். பாராசூட் திறக்காவிட்டால் ஏறக்குறைய 6 விநாடிகளில் நீர்மட்டம் வந்துவிடும். இன்னொன்றைத் திறக்க நேரமிருக்காது; அதனால்தான் மாற்றுப் பாராசூட் வைப்பதில்லை, இருப்பது ஒன்றே.

ஆகவே முதலில் துணியைப் பாருங்கள். வெயிலும் மணலும் மீண்டும் மீண்டும் மடிப்பதும் நைலானைத் தளர்த்தி, காற்றைக் கசியவிடும். கிழிசலே இல்லாத பழைய குடையில் மழைநீர் ஊறி இறங்குவது போலத்தான் இது. அப்படிப்பட்ட பாராசூட் மந்தமாகத் திறக்கும். இறங்கும்போது பிரேக் கயிறுகளை இழுத்தாலும் வேகம் போதிய அளவு குறையாது. எத்தனை முறை குதித்தது என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. உப்புநீரில் விழுந்ததா, எங்கே தைத்துப் பழுதுபார்த்தார்கள் என்றும் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அளவு உங்கள் எடைக்குப் பொருந்த வேண்டும். பெரிய பாராசூட்டை இழுத்து வெளியேற்றும் சிறிய பைலட் சூட்டைப் புதிதாகவே வாங்குங்கள். அதில் மிச்சம்பிடிக்க வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன், பேஸ் கருவிகளை நன்கறிந்த ஒருவர் அனைத்தையும் விரித்துச் சோதிக்கட்டும்.

விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட்டே இதற்கும் போதும் என்று பலர் நினைப்பது தவறு: அது அதிக உயரத்தில், மிகுந்த வேகத்தில் விழும்போது மெதுவாகத் திறப்பதற்காகச் செய்யப்பட்டது.